தலைமையாசிரியருக்கு மிஞ்சும் ஐந்து பீரியடை எதில் செலவழிப்பது?

பதவி உயர்வில் தலைமையாசிரியராகப் போகிற நண்பர்கள் ஜூன் நெருங்கும்போது ஃபோன் போட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், படிப்பைத் தூக்கி நிறுத்தணும்னா முதல்ல எதுல கை வைக்கணும்?" ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு ஆசிரியர், அப்புறம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஹெச்.எம். ஆறு முதல் பத்து வரை வகுப்புகள், பத்து ஆசிரியர்கள். கீழே எழுதுவது அந்த அளவுள்ள பள்ளியை மனதில் வைத்துத்தான்.

முதலில் கையில் இருக்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு பீரியடு, வாரத்துக்கு 40. அதில் நீங்களே பாடம் எடுப்பது ஒரு பத்து. சம்பளப் பட்டியல், எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றம், சத்துணவுக் கணக்கு, விலையில்லாப் பொருள் வந்தால் இறக்கி எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாசலில் நிற்கும் பெற்றோர், லீவில் போன ஆசிரியரின் வகுப்பு. எல்லாம் போக வாரத்தில் ஐந்து பீரியடு மிஞ்சினால் அது நல்ல வாரம். அந்த ஐந்தை எங்கே போடுவது என்பதுதான் உண்மையான முடிவு, மற்றதெல்லாம் தானாக நடக்கும் அல்லது யாராவது நம்மை நடத்த வைப்பார்கள்.

நம் ஊர்ப் பள்ளிகளில் வழக்கமாக நான்கு வழிகள். ஸ்பெஷல் கிளாஸும் ஸ்லிப் டெஸ்ட்டும் வைப்பது. ரவுண்ட்ஸ் போய், நோட்டும் பாடக்குறிப்பும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. பிள்ளைகளை மதிப்பெண் பார்த்துத் தனிப் பிரிவாகப் பிரிப்பது. வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்து, பிறகு அந்த ஆசிரியரோடு பேசுவது. நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன், என் ஓட்டு நான்காவதற்கு. ஆனால் முதல் வழியை மொத்தமாக ஒதுக்கிவிடவும் என்னால் முடியாது.

எதை அளவுகோலாக வைத்து ஒப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். "கண்டிப்பான ஸ்கூல்" என்று நம் ஊரில் சொன்னால் சத்தம் வராத வகுப்பு, வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு வெளியே நிற்கும் தண்டனை, மாலை ஆறு வரை விளக்கெரியும் கட்டடம், இதைத்தான் நினைக்கிறோம். படிப்பில் கறார் என்பது அதைவிடக் கஷ்டமான சங்கதி. பத்தாம் வகுப்பு அளவியலில், "ஆரம் 7 செ.மீ., உயரம் 10 செ.மீ. உள்ள உருளையின் கன அளவு காண்க" என்று கேட்டால், சூத்திரம் தெரிந்தவன் 1540 கன செ.மீ. என்று எழுதிவிடுவான். "ஆரத்தை இரண்டு மடங்காக்கி உயரத்தைப் பாதியாக்கினால் கன அளவு என்ன ஆகும், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "மாறாது சார்" என்பார்கள், ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது, சரியாகப் போய்விடும் என்று. ஆரம் வர்க்கத்தில் வருவதால் நான்கு மடங்கு ஏறி, உயரம் பாதியானதால் இரண்டு மடங்கில் நிற்கிறது என்று ஒரு பிள்ளை கரும்பலகையில் வந்து சொல்லும் அந்த மூன்று நிமிடம்தான் நான் கறார் என்று சொல்வது. யோசிக்கிற வேலையை ஆசிரியர் செய்துகொடுக்காமல் பிள்ளை செய்கிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நான்கு வழிகளையும் எடைபோடுகிறேன்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 2012இல் 86.2 சதவீதம், 2019இல் 95.2, 2025இல் 93.8. இந்த எண்களைப் பார்த்தால் பெருமையாக இருக்கும். ஆனால் 15 வயதுப் பிள்ளைகளுக்கு உலக அளவில் நடக்கும் பிசா தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன, 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது எழுபத்து நான்கு நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் நாம் அடியில் கிடந்தோம். பிசாவில் வந்தவை வாசித்துப் புரிந்து, தெரிந்ததைப் புது இடத்தில் பொருத்திப் பார்க்கச் சொல்லும் கேள்விகள். நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்று அதற்கு அர்த்தமே கிடையாது. அந்த மாதிரிக் கேள்வியை நாம் வகுப்பில் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஸ்பெஷல் கிளாஸுக்கு வருவோம். இதை எடுத்த எடுப்பில் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பள்ளியில் வேலை பார்க்காதவர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண். பதினான்கு ஒரு மதிப்பெண் வினாக்களில் புத்தகத்தின் பின்பக்கத்தை மனப்பாடம் செய்தவன் பத்தாவது போடுவான். ஐந்து இரண்டு மதிப்பெண் கணக்குப் போட்டால் 36. பாஸ். மினிமம் மெட்டீரியல் என்று நாம் அச்சடித்துக் கொடுக்கும் பத்துப் பக்கத்தின் கணக்கு இதுதான், எல்லோருக்கும் தெரியும். அந்த 35ஐத் தாண்டுவது ஒரு பெண் பிள்ளையின் வாழ்க்கையில் என்ன என்பதும் நமக்குத் தெரியும். தாண்டாவிட்டால் மில்லுக்குப் போவாள், இல்லையென்றால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள். தாண்டினால் பிளஸ் ஒன், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று கதவு திறக்கும், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எத்தனையோ ஆசிரியர்கள் சொந்தக் காசில் சுண்டல் வாங்கிக் கொடுத்து மாலை ஆறு மணி வரை உட்கார்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சிக்கல் அது தொடங்கும் மாதத்தில் இருக்கிறது. ஜனவரியில் இருந்த ஸ்பெஷல் கிளாஸ் அக்டோபருக்கு வந்து, அங்கிருந்து ஜூலைக்கு வந்துவிட்டது. ஜூலையிலேயே மினிமம் மெட்டீரியல் கையில் வந்துவிட்டால், பகல் நேரப் பாடத்தையும் ஆசிரியர் அதை வைத்தே எடுக்கிறார். விளையாட்டுப் பீரியடு போகும், நூலகப் பீரியடு போகும், ஐந்தரை மணி டவுன் பஸ்ஸை விட்ட பிள்ளைகள் இருட்டில் நடந்து போவார்கள். வாரத்துக்கு ஆறு ஸ்லிப் டெஸ்ட் வைத்துவிட்டு ஒன்றையும் திருத்திப் பேச நேரமில்லாமல் கட்டுக்கட்டாக அலமாரியில் வைத்த வருஷம் எனக்கும் உண்டு. அந்த வருஷம் எங்கள் தேர்ச்சி ஏறியது. ஆனால் அதே பிள்ளைகள் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் கணக்குப் பிரிவில் சேர்ந்து, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் திரும்பி வந்து, "சார், அங்க ஒண்ணுமே புரியல, வேற குரூப் மாத்தித் தரச் சொல்லி நீங்க பேசுறீங்களா?" என்று நின்றபோது எனக்குப் பதில் வரவில்லை. அவர்களுக்கு நான் கொடுத்தது 35ஐத் தாண்டும் வழி மட்டும். அடுத்த படிக்கு அது போதவில்லை.

மாநில அளவிலும் இதன் பெரிய வடிவத்தைப் பார்த்தோமே. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகள் இருந்ததால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். அதே 2017இல் ரேங்க் பட்டியல் வெளியிடுவதும் நின்றது. 2018 முதல் புதுப் பாடநூல்கள் வந்தன, தரமான பாடங்கள், ஆனால் புத்தகம் மாறினால் வகுப்பு தானாக மாறிவிடாது என்பதை அந்த ஐந்தாறு வருஷத்தில் பார்த்துவிட்டோம்.

சரி, ரவுண்ட்ஸ். இதில் ஒரு வசதி, ஒரே பீரியடில் மொத்தப் பள்ளியையும் சுற்றி வந்துவிடலாம். வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா, ஃபேன் ஓடுகிறதா என்பது தெரியும். ஒரு பள்ளிக்குப் புதிதாகப் போன முதல் மாதம் இது கட்டாயம் தேவை, ஹெச்.எம். நடமாடுகிறார் என்பதே பாதி ஒழுங்கைக் கொண்டுவரும். ஆனால் ஜன்னல் வழியாக ஐந்து நிமிடம் பார்ப்பதில் பாடம் தெரியாது. அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும் வகுப்பு கைடைப் பார்த்துக் காப்பியடிக்கும் வகுப்பாக இருக்கலாம், கூச்சலாகத் தெரியும் வகுப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னங்களைக் காகிதத்தில் மடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டத்தில் சுமார் நூறு பள்ளி முதல்வர்களை மூன்று வருஷம் நாள் முழுக்கப் பின்தொடர்ந்து நேரம் எங்கே போகிறது என்று குறித்து, 2013இல் கிரிசம், லோப், மாஸ்டர் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பாடம் சார்ந்த வேலைக்கு முதல்வர்கள் கொடுத்தது மொத்த நேரத்தில் 13 சதவீதத்துக்கும் குறைவு, அதிலும் பெரிய பங்கு வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்ப்பதில் போயிருக்கிறது. எட்டிப் பார்ப்பதில் அதிக நேரம் செலவிட்ட பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் குறைவாகவே இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து பயிற்சி கொடுப்பதற்கும் கற்பித்தலை முறையாக மதிப்பிடுவதற்கும் நேரம் கொடுத்த இடங்களில் முன்னேற்றம் தெரிந்தது. நம் பள்ளியும் மயாமியும் ஒன்றில்லை என்பீர்கள். அப்படியானால் மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிகளைத் தர மதிப்பீடு செய்து ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்தார்கள், அதைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்ட அறிக்கைகள் எழுதி ஏற்றப்பட்டன, வகுப்பறையில் கற்பிப்பதிலோ பிள்ளைகளின் கற்றலிலோ மாற்றம் ஒன்றும் இல்லை. பதிவேட்டில் கையெழுத்து இருப்பதை மேற்பார்வை என்று நம்பும் நமக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டாம்.

பிரிவு பிரிப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நன்றாகப் படிப்பவர்கள் 'அ' பிரிவு, மற்றவர்கள் 'ஆ' பிரிவு என்று வருஷம் முழுக்கப் பிரித்தால், 'ஆ' பிரிவுப் பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அங்கே போகும் ஆசிரியருக்கும் எதிர்பார்ப்பு இறங்கிவிடும். இதை நான் ஒரு வருஷம் செய்துவிட்டு நிறுத்தினேன், அந்தப் பிள்ளைகளிடம் இன்றைக்கும் எனக்கு மனவருத்தம் உண்டு. ஆனால் இதையும், தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைக்குத் தகுந்தபடி குழுவாக உட்கார வைப்பதையும் ஒன்றாக்கக் கூடாது. அங்கே குழு என்பது ஒரு திறனுக்காக, பிள்ளை அடுத்த நிலைக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆறு முதல் ஒன்பது வரை வந்திருக்கும் திறன் திட்டத்தின் நோக்கமும் அதுதான். ஏழாம் வகுப்பில் வகுத்தல் வராத பிள்ளைக்கு வகுத்தலைக் கற்றுக்கொடுக்கத் தனி நேரம் ஒதுக்குங்கள், தாராளமாக. வகுத்தல் வந்ததும் அவனைத் திரும்பக் கொண்டுவந்து எல்லோரோடும் உட்கார வையுங்கள்.

இப்போது கடைசி பெஞ்ச். ஒரு பீரியடு முழுக்க உட்கார வேண்டும், ஆசிரியரோடு பேச இன்னொரு பீரியடு வேண்டும், ஆக ஓர் ஆசிரியருக்கு இரண்டு. ஐந்து பீரியடு இருந்தால் வாரத்துக்கு இரண்டு பேர், சில வாரம் மூன்று பேர். பத்து ஆசிரியர் பள்ளியில் எல்லோரையும் மாதம் ஒரு தடவை பார்த்துவிடலாம். நான்கு வழிகளில் இதுதான் நேரத்தைத் தின்னும் வழி, ஆரம்பத்தில் மனஸ்தாபத்தைக் கொண்டுவரும் வழியும் இதுதான். நான் முதன்முதலில் ஒரு சமூக அறிவியல் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது அந்த ஆசிரியை மணி அடித்ததும் நேரே என்னிடம் வந்து, "என்மேல ஏதாவது புகார் வந்திருக்கா சார்?" என்று கேட்டார், கண் கலங்கிவிட்டது. தப்பு என்னுடையது. முன்கூட்டிச் சொல்லாமல் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தால் நம் துறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த வாரமே என் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பீரியடுக்கு அவரையும் இன்னும் இரண்டு பேரையும் வரச் சொன்னேன். "குறை எழுதிட்டு வாங்க டீச்சர், ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார்: "சார், நீங்க கேக்குற கேள்விக்கு முன் பெஞ்ச் மூணு பேர்தான் பதில் சொல்றாங்க, மத்தவங்க வாய மட்டும் அசைக்கிறாங்க." இருபது வருஷமாக நான் கவனிக்காத விஷயம்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் வந்தது. கேள்வியைக் கேள், மனதுக்குள் ஐந்து எண்ணு, பிறகு ஒரு பெயரைச் சொல். யாரும் கோரஸாகப் பதில் சொல்லக் கூடாது. 1970களிலேயே மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை, மூன்று விநாடி காத்தாலே பதில்கள் நீளமாகவும் யோசித்ததாகவும் மாறுகின்றன என்று கண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஐந்து விநாடி மௌனம் வகுப்பில் எவ்வளவு நீளமாகத் தெரியும் என்பதைச் செய்து பார்த்தால்தான் புரியும். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். மூன்றாவது வாரம் எட்டாம் வகுப்பில் அதுவரை குரலே கேட்காத ஒரு பையன், "கேள்வி புரியல, திரும்பச் சொல்லுங்க" என்றான். அன்று ஸ்டாஃப் ரூமில் அதைப் பற்றித்தான் பேச்சு.

வகுப்புக்குள் போய் உட்காருகிறவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். பேசும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள், பத்துக் குறையை அடுக்கினால் ஒன்றும் நடக்காது. அப்புறம், அந்தக் குறிப்பு நோட்டை எந்த அலுவலருக்கும் காட்டாதீர்கள், எந்த மெமோவுக்கும் ஆதாரமாக எடுக்காதீர்கள். ஒரு தடவை அப்படி எடுத்தால் அதோடு முடிந்தது, அடுத்த தடவை நீங்கள் உள்ளே வரும்போது உங்களுக்காகத் தயாரித்த பாடம்தான் நடக்கும்.

நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் குழு 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைமையின் செயல்களில் பிள்ளைகளின் கற்றலோடு மிக வலுவாகப் பொருந்தியது ஆசிரியர்கள் கற்பதில் தலைமையாசிரியரும் கூடவே பங்கெடுப்பதுதான், அதன் விளைவு அளவு (தாக்கம் எவ்வளவு என்று காட்டும் எண், கூடினால் தாக்கம் கூடுதல்) 0.84. பாடத்தைத் திட்டமிடுவதும் மேற்பார்ப்பதும் 0.42, ஒழுங்கான சூழலை வைத்திருப்பது 0.27. இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு தலைப்பின் கீழும் இருந்த ஆய்வுகள் குறைவு, அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஆனால் வரிசையைப் பாருங்கள். நாம் அதிக நேரம் கொடுக்கும் ஒழுங்கு அடியில் இருக்கிறது, நாம் தொடவே தொடாத ஒன்று உச்சியில் இருக்கிறது.

உட்கார்ந்து பார்க்கும் வழியோடு சேர்த்து, நேரமே கேட்காத ஒன்றையும் செய்யலாம்: வினாத்தாள். காலாண்டு, அரையாண்டு வினாத்தாள் நம் கையில் இல்லை, ஆனால் அலகுத் தேர்வு நம் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அலகுத் தேர்விலும் புத்தகத்தில் அப்படியே இல்லாத ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பிறகு வகுப்புக்கு ஐந்து விடைத்தாளை எடுத்து, பாட ஆசிரியரோடு பத்து நிமிடம் அந்த ஒரு கேள்வியின் பதிலை மட்டும் பார்ப்பேன். பாடக்குறிப்பில் ஐம்பது கையெழுத்துப் போட்டால் தெரியாதது அந்த ஐந்து தாளில் தெரியும்.

"அதெல்லாம் சரி சார், ஆய்வுக் கூட்டத்துல தேர்ச்சி சதவீதத்தைத்தானே கேப்பாங்க" என்பீர்கள். கேட்பார்கள். ஒரு பாடத்தில் இரண்டு பேர் ஃபெயில் என்றால் நிற்க வைத்துக் கேட்பார்கள், நானும் நின்றிருக்கிறேன். அதனால்தான் ஸ்பெஷல் கிளாஸை மொத்தமாக விடச் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் அது ஜனவரியில் தொடங்குகிறது, அரையாண்டில் 35க்குக் கீழே நிற்கும் பிள்ளைகளுக்கு மட்டும், காலை ஒரு மணி நேரம், மாலையில் கிடையாது. விளையாட்டுப் பீரியடைத் தொடுவதில்லை. ஜூன் முதல் டிசம்பர் வரை ஐந்து பீரியடும் வகுப்பறைக்கு உள்ளே. இப்படி மாறிய முதல் வருஷம் எங்கள் தேர்ச்சி கொஞ்சம் இறங்கியது, மறைக்கவில்லை, அந்தக் கோடை எனக்குத் தூக்கமில்லாத கோடை. அடுத்த வருஷம் பழைய இடத்துக்கு வந்தது. பிளஸ் ஒன் கணக்குப் பிரிவுக்குப் போன பிள்ளைகளில் அந்த வருஷம் குரூப் மாற்றச் சொல்லி யாரும் வரவில்லை.

உங்கள் பள்ளி வேறு மாதிரி இருந்தால் கணக்கு மாறும். ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் ஹெச்.எம்.முக்கு மிஞ்சும் பீரியடு என்று ஒன்றும் கிடையாது, அவரே மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்து நடத்துகிறார். அங்கே இரண்டு பேரும் வாரம் ஒருநாள் மதியம் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒருவர் கதை சொல்ல மற்றவர் கவனிக்கலாம். ஐம்பது அறுபது ஆசிரியர்கள் இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் ஹெச்.எம். தனியாக முயன்றால் ஒரு சுற்று முடிவதற்குள் வருஷமே முடிந்துவிடும், உதவித் தலைமையாசிரியர்களிடமும் மூத்த முதுகலை ஆசிரியர்களிடமும் பாடவாரியாகப் பிரித்துக்கொடுத்துவிட்டு, அவர்களுடைய வகுப்புகளில் மட்டும் நீங்கள் போய் உட்காருங்கள். புதிதாகப் போகும் பள்ளியில் ஆசிரியர்களே நேரத்துக்கு வருவதில்லை என்றால் முதல் இரண்டு மாதம் ரவுண்ட்ஸ்தான், வேறு வழியில்லை. அது முடிந்ததும், முதலில் போய் உட்காரும் வகுப்பு பள்ளியிலேயே நன்றாகப் பாடம் எடுக்கும் ஆசிரியருடையதாக இருக்கட்டும். ஹெச்.எம். உள்ளே வந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று ஸ்டாஃப் ரூமில் அவர் சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள்.